அலகில்லாத எண்

இறைவனை அலகில்லாதவன் என்று போற்றுதல் நம் முன்னோர் மரபு. அளவுகடந்த பொருளுக்கு அளவு கூறப் புகுதல் பேதைமை என்பது அவர் கருத்து. அந்தப் பெருமை இறைவன் ஒருவனுக்கே உரியது. ஒரு வீட்டின் வரைபடத்துக்கோ காணியின் எல்லைப் படத்துக்கோ உரியதன்று. இந்நாளிலே கணினியில் வரையப்பட்டு, ஒரு கந்தோரிலிருந்து மற்றொரு கந்தோருக்கும் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கும் கண்ணிமைக்கும் நேரத்திற் சென்று சேரும் படங்களுள் எத்தனையோ, அலகில்லாதனவாகவே சென்று சேர்கின்றன. அதனால் விளையும் இடர்ப்பாட்டைப் பற்றியும், அதனைத் தீர்க்கவென்று பலர் கையாளும் முறை நோயினுங் கொடிய மருந்தாய் இருத்தலைப் பற்றியும், எந்திரிகளாயும் படவரைஞர்களாயும் நில அளவையாளர்களாயும் பல தேசங்களிற் பணியாற்றும் நம் பழைய மாணவர் முன்னிலையிற் சில கூற விரும்புகின்றேன்.

கணினியில் வரைந்த படம் என்பது உண்மையிற் படமன்று. எண்களின் தொகுதியே அது. ஒரு கோட்டின் இரு முனைகளுக்கும் உரிய ஆள்கூறுகளைக் கோப்பு தன்னகத்தே வைத்திருக்கும். ஒரு கோட்டின் நீளம் 36 என்று கோப்புக் கூறுமாயின், அது 36 அங்குலமா, 36 மில்லிமீற்றரா, 36 மீற்றரா என்பதனை அந்த எண் தானாகக் கூறமாட்டாது. வரைந்தவன் மனத்தில் ஓர் அலகு இருந்தது. வாங்கியவன் மனத்தில் வேறோர் அலகு இருக்கின்றது. இரண்டுக்கும் இடையில் எண் மாத்திரம் பயணஞ் செய்கின்றது. இவ்வளவே இந்நோயின் மூலம்.

நம் நாட்டிலே இந்நோய் மற்றைய நாடுகளினும் மிகுதியாய்ப் பற்றுதற்குக் காரணமுண்டு. 1970களில் மெற்றிக் முறையை நாம் ஏற்றுக்கொண்டோம். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைலாக, அதாவது 63,360இல் ஒன்றாக, வரையப்பட்டிருந்த தேசப்படங்களுக்குப் பதிலாக 50,000இல் ஒன்றாகிய படங்கள் வந்தன. நில அளவையாளர் மீற்றரில் அளந்து மீற்றரில் வரைகின்றார். கட்டட எந்திரி மில்லிமீற்றரிற் கணிக்கின்றார். ஆனால் மேசனும் தச்சரும் இன்றளவும் அடியும் அங்குலமுமே பேசுகின்றனர்; வீடு கட்டுவிப்போரும் அவ்வாறே. மூன்று அடிக் கதவு என்றால் எவருக்கும் விளங்கும். 914 மில்லிமீற்றர்க் கதவு என்றால் கேட்பவர் நம்மை ஒருமுறை உற்று நோக்குவார். ஆகவே ஒரே வீட்டுக்குரிய படங்கள் மூன்று அலகுகளில் மூன்று கந்தோர்களில் உருவாகி, ஈற்றில் ஒரு கணினியில் ஒன்றுகூடுகின்றன. அங்கேதான் கலகம்.

ஓட்டோகாட் என்னும் வரைகலை மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதிலே இன்ஸ்யூனிற்ஸ் என்று ஒரு குறிப்பு உண்டு. அதன் பெறுமானம் 1 ஆயின் அங்குலம், 2 ஆயின் அடி, 4 ஆயின் மில்லிமீற்றர், 5 ஆயின் சென்ரிமீற்றர், 6 ஆயின் மீற்றர். ஒரு படத்தினுள் வேறொரு படத்தைப் புகுத்தும்போது, இரண்டின் குறிப்புகளையும் ஒப்புநோக்கி மென்பொருள் தானே பெருப்பித்தோ சிறுப்பித்தோ தரும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அக்குறிப்புக்கு 0 என்றொரு பெறுமானமும் உண்டு. அதன் பொருள் அலகு இல்லை என்பது. அவ்வாறு வரும் படத்தை, அந்தந்தக் கணினியில் முன்னரே வைக்கப்பட்டிருக்கும் ஊகத்தின்படி மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். அந்த ஊகம் கோப்பிலன்று, கணினியிலே இருப்பது. ஆதலின் ஒரே கோப்பு என் மேசையில் ஓர் அளவாகவும் அடுத்த மேசையில் வேறோர் அளவாகவும் புகுதல் கூடும். இதனை அறியாத இருவர் ஒருவரையொருவர் குற்றங் கூறிக்கொண்டு அரை நாளைக் கழித்ததை யான் கண்டிருக்கின்றேன். இருவரும் உண்மையே பேசினர்.

இன்னொரு மயக்கமும் உண்டு. அலகுக் குறிப்பை மீற்றரிலிருந்து மில்லிமீற்றருக்கு மாற்றிவிட்டால் படமும் மாறிவிடும் என்று நம்புவோர் பலர். மாறாது. 10 என்றிருந்த கோடு 10 ஆகவே இருக்கும். அதன் பெயர்ச்சீட்டு மாத்திரமே மாறும். சாக்கின்மேல் எழுதிய பெயரை மாற்றினால் உள்ளிருக்கும் நெல்லு அரிசியாகுமா? அவ்வாறே, நீளங்களை அடி அங்குலமாகக் காட்டும்படி கட்டளையிடுவதும் காட்சியை மாற்றுவதேயன்றிப் பொருளை மாற்றுவதன்று. அவ்வாறு கட்டளையிட்டவுடன் ஓர் அலகு ஓர் அங்குலம் என்று மென்பொருள் கொண்டுவிடும் என்பதனையும் பலர் நினைப்பதில்லை.

இனி, என் சொந்த அநுபவம் ஒன்று. வெளிநாட்டில் வாழும் அன்பர் ஒருவர் தம் பிதிரார்ச்சிதக் காணியில் வீடு ஒன்றும் சுற்றுமதிலும் அமைக்க விரும்பி, அப்பணியை என்னிடம் ஒப்புவித்தார். நில அளவையாளரின் படம் கோப்பாக வந்தது; மீற்றரில் வரையப்பட்டது; அலகுக் குறிப்பு 0. வீட்டுப் படம் எங்களுடையது, அங்குலத்தில் வரையப்பட்டது. என் கீழ்ப் பணியாற்றிய இளைஞர் ஒருவர், மிகுந்த சுறுசுறுப்புள்ளவர், காணிப் படத்தை வீட்டுப் படத்தினுள் கொண்டுவந்தார். காணியின் வடக்கெல்லை 36.58 மீற்றர். அது 36.58 அங்குலமாக வந்து நின்றது. வீட்டு முன்வாசற் கதவின் அகலமும் காணியின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தன. இளைஞர் சிரித்துவிட்டு, ஒரு மீற்றர் 3.3 அடி என்று நினைவிலிருந்து எடுத்து, அதனைப் பன்னிரண்டாற் பெருக்கி, 39.6 மடங்காகப் பெருப்பித்தார். காணி காணியாயிற்று, வீடு அதனுள் அழகாக அமர்ந்தது. யான் பார்த்தேன், கையொப்பமிட்டேன்.

ஒரு மீற்றர் 39.37 அங்குலமேயன்றி 39.6 அங்குலம் அன்று. வேற்றுமை நூற்றுக்கு அரைப் பங்கு சொச்சம். கண்ணுக்குத் தெரியாது, மனமும் ஐயுறாது. ஆனால் வடக்கெல்லை 120 அடியாக இருக்கவேண்டியது, எங்கள் படத்தில் 120 அடி எட்டரை அங்குலமாயிற்று. மேசன்மார் மேற்கு மூலையிலிருந்து நாடா பிடித்து, படத்தில் எழுதியபடியே கிழக்கு மதிலுக்கு அத்திவாரம் வெட்டினர். எல்லைக்கல் மண்ணுள் மறைந்து கிடந்தது. எட்டரை அங்குலம் என்பது என்ன? எட்டு அங்குலச் சீமெந்துக் கல்லினாற் கட்டும் மதிலின் முழுத் தடிப்பு. மதில் அப்படியே அயற்காணியில் எழும்பியிருக்கும்.

அயற்காணிக்குரிய மூதாட்டியார் வெட்டப்பட்ட அத்திவாரத்தருகே வந்து நின்று கூறினார்: “தம்பி, கடதாசியிலே நீங்கள் எதையும் எழுதலாம். என்ரை வேலி எங்கே நின்றதென்று இந்தப் பூவரசு சொல்லும்.” வேலியை அகற்றியபோது வெட்டாமல் விட்ட பூவரசங் கதியால் ஒன்று அங்கே துளிர்த்து நின்றது. எல்லைக்கல்லைத் தோண்டியெடுத்து அளந்தோம். பூவரசு கூறியது சரி. கணினி கூறியது பிழை. யாழ்ப்பாணத்தில் வேலிக்கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களை நாமெல்லோரும் அறிவோம். அந்த அம்மையார் நீதிமன்றத்துக்குப் போகாமல் எங்களிடம் வந்தது அவருடைய பெருந்தன்மை. அத்திவாரத்தை மூடி மீள வெட்டும் செலவை யானே ஏற்றேன்.

இந்த நிகழ்ச்சியிலிருந்து யான் கொண்ட கருத்தை வெளிப்படையாகக் கூறிவிடுகின்றேன். பெரும் பிழைகள் நமக்குத் தீங்கு செய்வன அல்ல. ஆயிரம் மடங்கு பிழைத்த படம் திரையில் ஒரு புள்ளியாகத் தோன்றும், அல்லது திரைக்கு அப்பாற் போய் மறைந்துவிடும். எவனும் அதனை நம்பமாட்டான். தீங்கு செய்வது, பெரும்பிழையைக் கண்டவன் அவசரத்தில் அதனைச் சிறுபிழையாக்கும் செயலே. படம் பொருந்தும்வரை இழுத்துப் பெருப்பித்தல் என்னும் இம்முறையையே பலரும் மருந்தாகக் கற்பிக்கின்றனர். அது மருந்தன்று. பிழையை அகற்றாது, அது பிழையென்று காட்டிய அடையாளத்தை மாத்திரம் அகற்றுவது.

முறையான வழி என்னை? முதலாவது, அனுப்பியவரைக் கேட்டல். தொலைபேசி எல்லோர் கையிலும் இருக்கும் இக்காலத்தும் இதனைச் செய்வோர் அரியர். இரண்டாவது, வந்த படத்திலே எழுத்தால் அளவு குறிக்கப்பட்ட ஒரு நீளத்தைத் தேடி, அதனைக் கணினியால் அளந்து, இரண்டுக்குமுள்ள விகிதத்தைக் காணுதல். அந்த விகிதமே குற்றவாளியின் பெயரைக் கூறிவிடும். 25.4 என்று வந்தால் அங்குலமும் மில்லிமீற்றரும் கலந்தன. 2.54 ஆயின் அங்குலமும் சென்ரிமீற்றரும். 12 ஆயின் அடியும் அங்குலமும், 304.8 ஆயின் அடியும் மில்லிமீற்றரும், 39.37 ஆயின் எங்கள் கதைதான். 48 என்றோ 96 என்றோ 100 என்றோ வருமாயின், அது அலகுப் பிழையன்று. பழைய வரைபலகைப் பழக்கத்தால் ஒருவர் முழு அளவில் வரையாமல், கால் அங்குலத்துக்கு ஓர் அடியென்றும் அரைக்கால் அங்குலத்துக்கு ஓர் அடியென்றும் கடதாசியில் வரைவதுபோலவே கணினியிலும் சிறுப்பித்து வரைந்துவிட்டார் என்பதே பொருள். அலகு வேறு, அளவிடை வேறு. கணினியில் எதனையும் முழு அளவில் வரைந்து, அச்சிடும்போது மாத்திரமே அளவிடை கொள்ளல் வேண்டும். விகிதம் இவற்றுள் எதனோடும் பொருந்தாமல் 39.6 என்பதுபோல ஓர் எண்ணாக வருமாயின், அங்கே நின்றுவிட வேண்டும். முன்னரே எவரோ கண்மதிப்பாற் பெருப்பித்திருக்கின்றார். அல்லது படம் ஒளிப்பிரதியொன்றிலிருந்து பார்த்து வரையப்பட்டது. அத்தகைய படத்தை எந்த எண்ணாற் பெருக்கினும் அது படமாகாது. மூலத்தையே திரும்பக் கேட்டல் வேண்டும்.

விகிதம் தெரிந்தபின்னர்ப் பெருப்பித்தலிலும் ஓர் ஒழுங்குண்டு. நில அளவைப் படங்கள் தேசிய ஆள்கூற்று முறையில் அமைந்திருக்கும். 1999ஆம் ஆண்டின் முறைப்படி பிதுருதலாகலை மலையை நடுவாகக் கொண்டு அதற்கு 500,000 மீற்றர், 500,000 மீற்றர் என்ற ஆள்கூறுகள் வழங்கப்பட்டுள்ளன. ஆதலின் இலங்கையின் எப்பகுதிப் படமும் உற்பத்தியாகிய பூச்சியப் புள்ளிக்கு நெடுந்தூரத்திற் கிடக்கும். அதனை உற்பத்தியைப் பற்றியே பெருப்பித்தல் வேண்டும். வசதியான ஒரு மூலையைப் பிடித்துப் பெருப்பித்தால் நீளங்கள் சரியாகும், இடம் பிழைத்துவிடும், அடுத்த காணிப் படத்தோடு பின்னொருபோதும் அது பொருந்தாது.

அங்குலம் துல்லியமாக 25.4 மில்லிமீற்றர் என்பது 1959ஆம் ஆண்டில், ஆங்கிலம் பேசும் நாடுகள் ஆறு உடன்பட்டு வகுத்தது. அப்பொழுது அமெரிக்கர் தம் நில அளவைக்கு மாத்திரம் பழைய அடியை வைத்துக்கொண்டனர். இரண்டு அடிகளுக்குமுள்ள வேற்றுமை பத்து இலட்சத்தில் இரண்டு பங்கே. அற்பம் என்று தோன்றும். ஆனால் இருபது இலட்சம் அடி என்ற ஆள்கூற்றில் அது நான்கு அடியாகின்றது. 2022ஆம் ஆண்டின் முடிவோடு அந்தப் பழைய அடி அங்கே ஓய்வுபெற்றது. எனினும் அதற்கு முந்திய கோப்புகள் யாவும் உயிரோடிருக்கின்றன. அமெரிக்காவிற் பணியாற்றும் நம்மவர் இதனை நினைவிற் கொள்வாராக.

படம் வரையும் தொழிலாளர் மாத்திரமன்றி, பெயர்ப்பலகை வெட்டுவோரும் இதே வலையில் வீழ்வர். இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருள் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளிகள் என்று வைத்திருந்த கணக்கை 2017இல் வந்த 0.92ஆம் பதிப்பில் 96 ஆக மாற்றிற்று. பழைய கோப்பை உள்ளபடியே புதிய கணக்கில் எடுத்தால் நூற்றுக்கு 6¼ பங்கு சிறுத்துவிடும். எழுத்து எழுத்தாகவே இருக்கும். பலகையில் முன்னரே துளைத்த ஆணித்துளைகளோடுதான் பொருந்தாது. முப்பரிமாண அச்சுப்பொறிகளுக்குக் கொடுக்கும் எஸ். ரி. எல். கோப்பிலோ அலகு எழுதுதற்கு இடமே இல்லை. பொறி பெரும்பாலும் மில்லிமீற்றர் என்றே கொள்ளும்.

யான் மன்னிக்க இயலாதது ஒன்றுண்டு. படத்தின் நீளம் பிழையென்று கண்டும் படத்தைத் திருத்தாது, அளவு காட்டும் எழுத்தை மாத்திரம் ஒரு பெருக்கெண் கொடுத்துச் சரிபோலத் தோன்றச் செய்தல். மென்பொருள் அதற்கு இடங்கொடுக்கின்றது. நியாயமான பயனும் அதற்கு உண்டு. ஆனால் சோம்பேறியின் கையில் அது பொய் எழுதும் கருவியாகின்றது. கோடு 36 என்று கூற, எழுத்து 914 என்று கூறும். கடதாசியில் எவருக்கும் தெரியாது. அக்கோப்பு அடுத்த மென்பொருளுக்குச் செல்லும் நாளில், எழுத்து உதிர்ந்து கோடு மாத்திரம் சென்று சேரும். அப்பொழுது துன்புறுபவன் பொய் எழுதியவன் அல்லன்; அவனை ஒருபோதும் கண்டிராத வேறொருவன்.

செவ்வாய்க் கிரகத்துக்கு அமெரிக்கர் அனுப்பிய ஆய்கலம் 1999ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23ஆந் தேதி அழிந்த வரலாறு பலரும் அறிந்தது. உந்துவிசையின் கணக்கை ஒரு சாரார் இறாத்தல் விசை அலகிற் கோப்பாகக் கொடுத்தனர். மறுசாரார் நியூற்றன் அலகென்று கொண்டனர். மடங்கு 4.45. கோப்பு எந்த அலகில் இருத்தல் வேண்டும் என்று உடன்படிக்கை எழுதப்பட்டே இருந்தது. கோப்பினுள் இருந்தவை எண்கள் மாத்திரம்.

மில்லிமீற்றரையே எங்கும் கட்டாயமாக்கினால் இத்தொல்லை தீருமென்று கூறுவாருளர். கந்தோருக்குள் அது தக்கதே. ஒரு கந்தோருக்கு ஓரலகு என்பதனை யானும் வற்புறுத்துவேன். ஆனால் மேசனை நாணச்செய்து மில்லிமீற்றர் கற்பித்தல் ஆகுங் காரியமன்று, அவசியமுமன்று. அவருக்கு அடியில் எழுதிக் கொடுப்போம். மூலக்கோப்பு ஓரலகில் இருக்கட்டும். வேறு சிலர், அலகைத் தம்முள்ளேயே தாங்கிச் செல்லும் புதிய கோப்பு வகைகள் வந்துவிட்டனவே, இனி ஏன் கவலை என்பர். அவை நல்லனவே. ஆயினும் அனுப்புவோன் பிழையான அலகைக் குறித்திருந்தால், அந்தப் பிழையை அவை மிக விசுவாசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கணினி கண்ணியமான வேலைக்காரன். பொய் கொடுத்தாலும் சிந்தாமற் சுமப்பான்.

நம் முன்னோர் இதில் நம்மினும் கவனமுள்ளவர்கள். யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளில் நிலத்தின் விரிவைப் பரப்பு என்று எழுதியதோடு நொத்தாரிசு நின்றுவிடவில்லை. வரகு என்றோ நெல்லு என்றோ உடன் எழுதிவைத்தார். வரகுப் பரப்புப் பதினாறு கொண்டது ஓர் ஏக்கர். நெற்பரப்போ அதனினும் சிறிது. ஒரே சொல்லுக்கு இரண்டு அளவுகள் வழங்கிய நாட்டில், எந்த அளவு என்று கூறாத உறுதியை ஒருவரும் ஏற்றிரார். பழைய நில அளவைப் படங்களின் அடியில் கோடிட்டு வகுத்துக் காட்டிய அளவுகோலும் அத்தகையதே. படத்தை எவ்வளவு பெருப்பித்துப் பிரதிசெய்தாலும் அந்தக் கோலும் உடன்பெருத்து உண்மையே கூறும்.

பௌதிகம் கற்பித்த நம் ஆசிரியர் ஒருவரையும் ஈண்டு நினைந்துகொள்கின்றேன். விடை 12 என்று எழுதினால் அருகே சிவப்பு மையில், “பன்னிரண்டு என்ன? வாழைப்பழமா?” என்று எழுதிப் பூச்சியம் போடுவார். கணிப்பு முழுவதும் சரியாயிருந்தும் பூச்சியம் வாங்கிய நாங்கள் அதனை அநீதி என்று முணுமுணுத்தோம். இக்காலப் பரீட்சைகளில் அலகு விடுபட்டால் ஒரு புள்ளி குறைத்து மிகுதியைக் கொடுத்துவிடும் தயாள குணத்தை யான் ஆதரிக்கவில்லை. கணினியில் வரையக் கற்கும் மாணவனுக்கு முதற்கோடு வரையுமுன்னர் அலகைக் குறிக்கக் கற்பித்தல் வேண்டும். குறியாத படத்துக்கு அவ்வாசிரியரின் பூச்சியத்தையே வழங்கல் வேண்டும்.

39.6 மடங்கு பெருப்பித்த இளைஞர் இப்பொழுது ரொறன்ரோ நகரில் ஒரு கந்தோரிற் பணிபுரிகின்றார். இடைக்கிடை எனக்குப் படங்கள் அனுப்புவார். ஒவ்வொரு படத்தின் இடது மூலையிலும் தனியே ஒரு கோடு கிடக்கும். அதன்மேல் “இக்கோடு ஒரு மீற்றர், 1000 மில்லிமீற்றர்” என்று எழுதியிருக்கும். சென்ற மாதம் வந்த படத்திலும் அது இருந்தது. யான் அதனை அளந்து பார்த்துவிட்டே மற்றைய கோடுகளை நோக்கினேன்.